செமித்திய மொழிகளை ஒப்பிட்டுப் படிக்க எந்த இரண்டில் தொடங்கலாம்?

"செமித்திய மொழிகளின் வரலாறு படிக்க ஆசை. எதில் தொடங்கட்டும்?" வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். எபிரெயம், அரமேயம், அரபி, அக்காடியம் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பம் அது. ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார், ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், இன்னொருவர் கல்லூரி மாணவி. யாருக்கும் ஐந்தாறு மொழிகளைக் கற்று முடிக்க நேரம் கிடையாது. தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று நான்கு வருடத்தில் இரண்டு மொழிகளில் காலூன்றலாம். மூன்றாவதில் அகராதியைப் புரட்டும் அளவுக்குத் தேறலாம், அவ்வளவுதான். அதனால் நான் கேள்வியையே கொஞ்சம் மாற்றச் சொல்வேன்: எந்த இரண்டு என்று கேளுங்கள். ஒப்பிட இரண்டு வேண்டும். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ அவ்வளவுக்குப் பழைய செய்தி கிடைக்கும்.

இதை நான் தவறான ஜோடியில் தொடங்கித்தான் கற்றுக்கொண்டேன். சிறு வயதில் பெரிய வெள்ளி ஆராதனையில் "ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி" என்ற வரியைக் கேட்டு, இது என்ன மொழி என்று வீட்டில் நச்சரித்திருக்கிறேன். பிறகு ஓய்வு பெற்ற போதகர் ஒருவரிடம் எபிரெயம் படிக்கப் போனபோது அவர் சொன்னார்: சங்கீதம் 22-இல் அந்த வரி எபிரெயத்தில் இருக்கிறது, அங்கே "அசவ்தானி" என்று வரும், சபக்தானி அரமேயம். ஒரே வாக்கியம் இரண்டு மொழியில் கைக்குக் கிடைத்த மகிழ்ச்சியில் எபிரெயத்தோடு அரமேயத்தையும் சேர்த்துப் படித்தேன். இரண்டு வருடம் சுகமாகப் போனது. ஷாலோம் என்றால் ஷ்லாமா, மெலெக் என்றால் மல்கா. எல்லாம் பொருந்தியது.

பொருந்தியதுதான் சிக்கல். இந்த இரண்டு மொழிகளும் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரே ஊர்களில், பல சமயம் ஒரே வாயில் புழங்கியவை. ஒரு சொல் இரண்டிலும் இருந்தால் அது தாய்மொழியிலிருந்து வந்ததா, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியதா என்று அந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, இரண்டுமே வேற்றுமை விகுதிகளை இழந்தவை. அதனால் மூலச் செமித்தியத்திலும், அதாவது இவற்றுக்கெல்லாம் தாயான பழைய மொழியிலும், விகுதிகள் இருந்திருக்காது என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கொள்ளுப்பாட்டியின் முகத்தை வரைந்த கதை.

முறை நமக்குப் புதிதல்ல. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு, பல், ஹல்லு, புலி, ஹுலி. சொற்கள் ஒத்திருப்பதைவிட, ஒலி ஒழுங்காக மாறியிருப்பதுதான் உறவைக் காட்டும் சாட்சி. செமித்தியத்தில் 'காளை' அரபியில் தவ்ர் (நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் த), எபிரெயத்தில் ஷோர், சுரியானியில் (அரமேயத்தின் ஒரு கிளை) தவ்ரா, பழைய பாபிலோன், அசீரியா நாடுகளின் மொழியான அக்காடியத்தில் ஷூரு, எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் ஸோர். அரபியில் அந்தப் பல்லிடுக்குத் த வரும் இடத்தில் எபிரெயம் ஷ, அரமேயம் சாதாரண த, கீஸ் ஸ. சொல்லுக்குச் சொல் இதே வரிசை நிற்கும்.

'செமித்திய' என்ற பெயர் 1781-இல் ஜெர்மன் அறிஞர் ஷ்லோட்சர் வைத்தது. ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில் வரும் நோவாவின் மகன் சேமின் பெயரிலிருந்து எடுத்தார். அந்த அதிகாரம் மொழிக் குடும்பப் பட்டியல் அல்ல: கானான் அங்கே காமின் மகன், ஆனால் கானானிய மொழிகள் (எபிரெயம் அவற்றில் ஒன்று) செமித்தியம், ஏலாம் சேமின் மகன், ஏலாமிய மொழியோ செமித்தியமே கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எபிரெயமும் அரமேயமும்

எபிரெயத்தின் பலம் நூல்களும் ஆசிரியர்களும். வேதாகமம் தமிழில் மனப்பாடமாக இருக்கிறவர்களுக்கு வாக்கியத்தின் பொருள் முன்பே தெரியும். இலக்கணத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதும். பெரிய எபிரெய அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் உறவு மொழிச் சொற்களையும் தருகின்றன. எழுத்து 22 தான், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒலியில் எபிரெயத்துக்கு ஒரு தனிச் சொத்து உண்டு. ஷீன் எழுத்தின் வலப்பக்கம் புள்ளி வைத்தால் ஷ, இடப்பக்கம் வைத்தால் ஸீன். இந்த ஸீன் முதலில் வெறும் ஸ அல்ல. நாக்கின் ஓரங்களில் காற்று உரசிப் பிறந்த, ல-வின் சாயல் உள்ள ஒலி. எப்படித் தெரியும்? நறுமணப் பிசினுக்கு எபிரெயத்தில் போஸெம், ஸீன் எழுத்தோடு. கானானியரிடமிருந்து இந்தச் சொல்லை வாங்கிய கிரேக்கர் பால்சமோன் என்று எழுதினார்கள். நடுவில் அந்த ல எங்கிருந்து வந்தது? கேட்டபடி எழுதியதால் வந்தது. தலைவலிக்கு நாம் தேய்க்கும் 'பாம்' அந்தப் பால்சமோன் வழி வந்த சொல்தான். ஓமன், ஏமன் எல்லைப் பகுதியில் இன்றும் பேசப்படும் மெஹ்ரி மொழியில் அந்த ஓர ஒலி உயிரோடு இருக்கிறது.

அரமேயத்தின் பலம் வயது. கிட்டத்தட்ட 3000 வருடம் அறுபடாத எழுத்துச் சான்று. பாரசீகப் பேரரசின் அலுவல் மொழி. அசோகர் கந்தகாரில் கிரேக்கத்தோடு சேர்த்து வெட்டிய கல்வெட்டில் கூட அரமேயம் இருக்கிறது. சிரியாவின் மாலூலா மலையூரில் இன்றும் பேச்சு மொழி. அதன் சுரியானிக் கிளை கேரளத்தில் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாக வந்து, மலையாளத்தையே சுரியானி எழுத்தில் எழுதும் வழக்கத்தையும் உண்டாக்கியது. கோட்டயத்தில் சுரியானிக்கென்றே ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நாகர்கோவில் பக்கம் இருப்பவருக்கு ஒரு பேருந்துப் பயணத்தில் ஆசிரியர் கிடைப்பார். இது சின்ன விஷயம் இல்லை. ஆசிரியர் இருக்கிற மொழியும் இல்லாத மொழியும் ஒன்றாகாது.

ஒரு மொழி தனக்குள்ளேயே மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அரமேயம்தான். எரேமியா 10:11 எபிரெய நூலுக்கு நடுவே நிற்கும் ஒரே அரமேய வசனம். அதில் 'பூமி' இரண்டு முறை வருகிறது: முதலில் அர்கா, அடுத்து அர்ஆ. பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே வரியில். இதே சொல் அரபியில் அர்ள், எபிரெயத்தில் எரெட்ஸ், அக்காடியத்தில் எர்ஸெத்து. ஒரே மூல ஒலி நான்கு வழியில் பிரிந்து போயிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் இந்த இரண்டையும் ஜோடியாக வைத்துத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் மேலே சொன்னதுதான்.

அரபி

அர்ள் என்று ள போட்டு எழுதினேன் அல்லவா, அது கைதவறி எழுதியதல்ல. அரபியின் ளாத் என்ற எழுத்தை 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் இலக்கண ஆசான் சீபவைஹி, நாக்கின் பக்கவாட்டில் பிறக்கும் ஒலி என்று விவரிக்கிறார். இன்றைய அரபியில் அது பெரும்பாலும் அழுத்தமான ட-வாக மாறிவிட்டது. ஸ்பானிய மொழியில் நகரத் தலைவருக்கு 'அல்கால்தே' என்று பெயர். அரபியின் அல்-காளீதான் அது. ல எட்டிப் பார்க்கிறது பாருங்கள்.

இந்த ஒலி தமிழுக்கு இரண்டு வழியில் வந்தது. பாரசீகம், உருது வழியாகக் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் வந்தபோது பாரசீகக்காரர் அதை ஆங்கில z போன்ற ஓசையாக்கியிருந்தார்கள், நாம் ஜ ஆக்கிக்கொண்டோம்: ஆஜர், ஜாமீன், மாஜி, அர்ஜி, ஜில்லா. அத்தனையிலும் ஜ நிற்கும் இடத்தில் அரபியில் ளாத். கடல் வழியாக நேரே அரபியரிடம் கற்ற தமிழ் முஸ்லிம்களோ பர்ளு, ஒளு, ரமழான் என்று ள, ழ போட்டார்கள். என் காதுக்கு இந்த இரண்டாவது கூட்டம் சீபவைஹி சொன்ன ஒலியோடு நன்றாகவே பொருந்துகிறது. அரபுத்தமிழ் என்று தமிழையே அரபி எழுத்தில் எழுதிப் பழகிய சமூகத்தின் காது அது. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய சாட்சி.

வேர் அமைப்பும் அப்படித்தான். தாசில்தார் என்ற சொல்லில் உள்ள தாசில், அரபியில் தஹ்ஸீல், 'திரட்டுதல்'. மகசூல், அரபியில் மஹ்ஸூல், 'திரண்டது'. இரண்டுக்கும் ஹ-ஸ-ல என்ற ஒரே மூன்று மெய் வேர். நடுவில் உயிரும் முன்னால் ஒட்டும் மாறப் பொருள் மாறுகிறது. வரி கட்டிய ஒவ்வொரு தமிழ் விவசாயியும் செமித்திய வேர்ச்சொல் இலக்கணத்தில் ஒரு பாடம் அறியாமலே படித்திருக்கிறார்.

அரபியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இது கூடுதல் காரணம். முதல் காரணம் வேறு. மூலச் செமித்தியத்துக்கு அறிஞர்கள் மீட்டெடுத்துத் தரும் மெய்கள் 29. செவ்வியல் அரபியில் 28 இருக்கின்றன. வேற்றுமை விகுதி மூன்றும் நிற்கின்றன: அரசன் மலிகுன், அரசனை மலிகன், அரசனின் மலிகின். வினைகள் வேரிலிருந்து கிளைப்பது கண்ணாடி போலத் தெரியும். ஒப்பீட்டு ஆராய்ச்சி தொடங்கியதே அரபி பேசியவர்களிடம்தான். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தாஹர்த் ஊரைச் சேர்ந்த யூத அறிஞர் யெகூதா இப்னு குரைஷ், மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்து யூதர்கள் ஆலயத்தில் வேதத்தின் அரமேய மொழிபெயர்ப்பு வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அரமேயமும் அரபியும் தெரியாமல் எபிரெய வேதம் எப்படி விளங்கும் என்று சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் காட்டினார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை அது. படிக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது.

அப்புறம், அரபியில் ஒரு பொறி இருக்கிறது. இவ்வளவு பழமை காப்பதால் அதையே தாய் என்று நினைத்துவிடத் தோன்றும். 'மூன்று' அரபியில் தலாத், முதலும் கடைசியும் அதே பல்லிடுக்குத் த. பழையது போலத்தான் தெரிகிறது. ஆனால் கீஸ் மொழியிலும் மெஹ்ரியிலும் பழைய தென்னரபியக் கல்வெட்டுகளிலும் முதல் மெய் அந்த ஓர ஒலி. மூலச் சொல்லின் முதல் மெய் அதுதான். அரபியில் அது பின்னால் வரும் த-வைப் பார்த்துத் தானும் த ஆகிவிட்டது. ப முழுவதும் ஃப ஆனதும் அரபியின் புதுமையே: 'வாய்' எபிரெயத்தில் பெ, அக்காடியத்தில் பூ, அரபியில் ஃபம்.

இந்தப் பொறியிலிருந்து காப்பாற்றத்தான் தூரத்து மொழி ஒன்று வேண்டும்.

அக்காடியம்

பெயரைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துக் குறிகள், ஒரே குறிக்குப் பல ஓசை, சுமேரியச் சொற்குறிகள் வேறு. பயம் நியாயமானது. ஆனால் ஒப்பீட்டுக்குப் படிப்பவர் முதல் வருடம் எழுத்தைத் தள்ளி வைத்துவிட்டு ரோமன் எழுத்துப்பெயர்ப்பிலேயே இலக்கணம் படிக்கலாம். பாடநூல்களும் அதற்கு வசதி செய்து தருகின்றன. 1857-இல் ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பெர்ட், டால்பட் என்ற நால்வருக்கும் லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி ஒரே அசீரியக் கல்வெட்டைத் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னது. நால்வரின் விடைகளும் பெருமளவு ஒத்துப்போயின. அன்றிலிருந்து இது நம்பிப் படிக்கக்கூடிய மொழி. 1921-இல் தொடங்கி 2011-இல் முடிந்த சிகாகோ அசீரிய அகராதி முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியர் கிடைப்பதுதான் நம் ஊரில் கஷ்டம். இணைய வகுப்பை நம்ப வேண்டியிருக்கும்.

ஒலிகளை அக்காடியம் நிறைய இழந்துவிட்டது. தொண்டை ஒலிகள் பெரும்பாலும் போய், போகும் வழியில் அ-வை எ ஆக்கிவிட்டுப் போயின. பாகால் என்று நம் வேதாகமத்தில் வருகிற சொல், அரபியில் பஅல், அக்காடியத்தில் பேலு. அந்த ஏ இருக்கும் இடத்தில் ஒரு தொண்டை ஒலி புதைந்திருக்கிறது என்று பழகிய கண் கண்டுபிடித்துவிடும்.

வேற்றுமையைப் பாருங்கள்: ஷர்ரும் அரசன், ஷர்ரம் அரசனை, ஷர்ரிம் அரசனின். உ, அ, இ. அரபியின் அதே மூன்று உயிர்கள். அரபி விகுதிகள் இலக்கணக்காரர்கள் கட்டிச் சேர்த்தவை என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. 2000 வருடத்துக்கு மேல் முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை அதே விகுதிகளைக் காட்டும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. என் எபிரெய அரமேய ஜோடி இரண்டு வருடத்தில் காட்டாததை இந்த ஜோடி ஒரு மாலையில் காட்டியது.

வினை இன்னும் சுவாரசியம். அரபியில் 'எழுதினான்' கதப, 'எழுதுகிறான்' யக்துபு. ஆனால் 'எழுதவில்லை' என்றால் லம் யக்துப். நிகழ்கால வடிவம் போல இருக்கிறது, பொருளோ இறந்தகாலம். இலக்கணநூல் விதி சொல்லும், காரணம் சொல்லாது. எபிரெயத்தில் யாத்திராகமம் 24:4, "மோசே எழுதினான்": வய்யிக்தோவ். இங்கேயும் அதே புதிர். அக்காடியத்துக்கு வந்தால் புதிர் அவிழ்கிறது. அங்கே 'எழுதினான்' என்பதற்குச் சாதாரண வடிவமே இஷ்துர். வேர் வேறு, ஆனால் யக்துப் அமைப்பின் அதே அச்சு. 'எழுதுகிறான்' என்பது நடு மெய் இரட்டித்த இஷத்தர். ஆக முன்னொட்டு வைத்த குட்டை வடிவம்தான் பழைய இறந்தகாலம். அரபியிலும் எபிரெயத்திலும் புதிய இறந்தகாலம் வந்து அதை மூலைக்குத் தள்ளியபோது, எதிர்மறையிலும் கதை சொல்லும் நடையிலும் மட்டும் அது ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதிய கதப எங்கிருந்து வந்தது? அதற்கும் அக்காடியத்தில் விடை உண்டு. ஷர்ராகு என்றால் 'நான் அரசன்'. பெயர்ச்சொல்லோடு தன்மை விகுதி. அடியேன், சிறியேன், தமியேன் என்று சொல்லத் தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: அரசனேன். இந்த நிலைகாட்டும் வடிவம்தான் மேற்குச் செமித்தியத்தில் (எபிரெயம், அரமேயம், அரபி, கீஸ் எல்லாம் இதில் அடங்கும்) மெல்ல இறந்தகால வினையானது. தன்மைக்கு ஆகு, முன்னிலைக்கு ஆத்த என்று அக்காடியத்தில் க-வும் த-வும் பிரிந்து நிற்கின்றன. அரபி இரண்டையும் த ஆக்கிவிட்டது: கதப்து எழுதினேன், கதப்த எழுதினாய். கீஸ் இரண்டையும் க ஆக்கிவிட்டது: கபர்கு செய்தேன், கபர்க செய்தாய்.

கீஸும் உகரித்தும்

கீஸ் எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது மொழி. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் வழிபாட்டு மொழி. இடமிருந்து வலம் எழுதுவார்கள். 26 அடிப்படை எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழு உயிர் வடிவம். க, கா, கி, கீ சொல்லி வளர்ந்தவருக்கு அந்த அட்டவணை வீட்டுச் சுவர் போல இருக்கும். 'சொல்கிறான்' யினக்கிர், நடு மெய் இரட்டித்து அக்காடியத்தின் இஷத்தர் போலவே. இரண்டு கோடியிலும் ஒரே வடிவம் இருந்தால் அதுதான் பழையது, நடுவிலிருக்கும் யக்துபு புதிது. 1970-களில் ராபர்ட் ஹெட்ஸ்ரோன் இந்தப் புதுமையைப் பிடித்துக்கொண்டுதான், அதுவரை தெற்குக் கிளையில் வைத்திருந்த அரபியை எபிரெய, அரமேயத்தோடு சேர்த்து நடுச் செமித்தியம் என்று மாற்றினார். இரண்டு மொழிகள் பழையதைச் சேர்ந்தே காப்பாற்றியிருப்பது உறவுக்குச் சான்றாகாது. சேர்ந்தே புதிதாகச் செய்திருந்தால்தான் சான்று.

உகரித்து: 1928-இல் சிரியக் கடற்கரையில் ஏர் உழுத விவசாயியின் கலப்பை கல்லறைக் கல்லில் தட்டியதால் வெளிவந்த நகரம், 30 ஆப்பெழுத்து, 1930-இலேயே படித்துவிட்டார்கள். அழகான கதைப்பாடல்கள் உள்ள மொழி, ஆனால் உயிரொலி பெரும்பாலும் எழுதப்படவில்லை. மற்ற மொழிகள் தெரிந்தவர் ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் மொழியாக வேண்டவே வேண்டாம்.

சரி, என் முடிவு: முதலில் செவ்வியல் அரபி ஒன்றரை வருடம், பிறகு பழைய பாபிலோனிய அக்காடியம், மூன்றாவதாகக் கீஸ். வேதாகமத்துக்காகவே படிக்கிறவர் எபிரெயத்தை விட வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவதாக அரமேயத்துக்குப் பதில் அரபியை எடுக்கட்டும். கோட்டயம் எட்டும் தூரத்தில் இருப்பவர் சுரியானியோடு அக்காடியத்தைச் சேர்க்கலாம். ஓதிப் பழகியதால் அரபி எழுத்து ஏற்கெனவே தெரிந்தவர் ஆறு மாதம் இலக்கணம் பார்த்துவிட்டு நேரே அக்காடியத்துக்குப் போகலாம். அவருக்குக் கிடைத்திருக்கிற முன்னிலை பெரியது.

அக்காடியம் தொடங்கிய சில மாதங்களில் பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டத்தூணில் 196-ஆம் விதியை எடுத்துப் படியுங்கள். "ஷும்மா அவீலும் ஈன் மார் அவீலிம் உஹ்தப்பித், ஈன்ஷு உஹப்பது." ஒருவன் தன் போன்ற இன்னொருவனின் கண்ணைக் கெடுத்தால், அவன் கண்ணைக் கெடுப்பார்கள். ஈன் என்பது கண். அரபியின் அய்ன்தான், அக்காடியத்தில் தொண்டை ஒலி மட்டும் போய்விட்டது. கடைசியில் ஒட்டியிருக்கும் ஷு 'அவனுடைய', அரபியில் ஹு. ஈன்ஷு, அய்னுஹு. இரண்டையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள்.